பன்னிரண்டு வாரத் தவணை

"திங்கட்கிழமை ஆபரேஷன் மேடம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்லி வீட்டுல ஒரே நச்சரிப்பு."

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். மதுரையில் நல்ல கூட்டம் வரும் பரோட்டாக் கடை ஒன்றின் மாஸ்டர். வயது 43. கல்லுக்கு முன்னால் நின்று இருபது வருஷம் ஆகிறது. ஃபைலை இடது கையால் மேசைமேல் வைத்தார். வலக்கை வயிற்றோடு ஒட்டியே இருந்தது.

ஃபைலுக்குள் 14 மாதக் கதை. முதலில் வலி மாத்திரை, பிறகு தடவுகிற ஜெல், முழங்கைக்குக் கீழே மாட்டும் பெல்ட், எண்ணெய்க் கட்டு, பத்து நாள் "கரண்ட்", மூன்று ஸ்டீராய்டு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வலி விட்டிருக்கிறது. அந்த நாட்களில் வேலைக்குப் போயிருக்கிறார். வலி திரும்பியிருக்கிறது, முன்னைவிடக் கூடுதலாக. கடைசியாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாணில் சிறு கிழிசல் என்று அறிக்கை. அடுத்த தாளில் அறுவை சிகிச்சைக்கான தேதி.

நான் பிசியோதெரபிஸ்ட். சிம்மக்கல் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் 24 வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு முன்னாலும் பின்னாலும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. அதனால் மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்த 14 மாசத்துல உங்க கைக்கு மத்தவங்க என்னென்ன செஞ்சாங்கன்னு ஃபைல்ல இருக்கு. உங்க கை என்ன செஞ்சுச்சு?"

அவருக்குப் புரியவில்லை. நான் கேட்டது புதுக் கேள்வியும் இல்லை. எனக்கே அது புரியப் பல வருஷம் ஆனது.

தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் தெரு மக்கள் என்னை "கரண்ட் வைக்கிற டாக்டரம்மா" என்பார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியின் தலையை ஜெல் தடவிய முழங்கைமேல் எட்டு நிமிடம் வட்டமாகத் தேய்ப்பேன். பிறகு மெழுகு ஒத்தடம். செல்லூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாலு வீட்டில் துணி துவைத்து, பாத்திரம் தேய்க்கிறவர். போர்வையைப் பிழிய முடியவில்லை, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்றார். அதற்கு முன் வேறோர் இடத்தில் போட்ட ஊசியால் முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சிலருக்கு அப்படித் தோல் வெளுப்பதும், கீழே உள்ள கொழுப்பு கரைந்து குழி விழுவதும் உண்டு. கறுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும். "வெண்குஷ்டமா டாக்டரம்மா?" என்று முதல் நாளே பயந்து கேட்டார்.

அவருக்கு 22 நாள் கரண்ட் வைத்தேன். தினமும் பஸ் ஏறி வந்தார், தினமும் பணம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதே வலியோடு திரும்பி வந்தார். இன்னும் பத்து நாள் வைப்போம் என்றேன். அவர் பிறகு வரவில்லை. அவர் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் கை அந்த 22 நாளும் என் மேசைமேல் சும்மா கிடந்தது. வீட்டுக்குப் போனதும் அதே கை அதே ஈரப் போர்வையை அதே மாதிரி பிழிந்தது. நடுவே நான் எதையும் மாற்றவில்லை.

இந்த நோய்க்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் விழுந்தது 1880களில், இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவிய காலத்தில். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1873இல், ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். அவர் எழுதியது பேனா பிடித்து எழுதி எழுதிக் கை நோகிறவர்களைப் பற்றி. என்னிடம் வருகிறவர்களும் அப்படி வேலையால் கை நோகிறவர்கள்தான். தையல்காரர், ஆசாரி, பெயிண்டர், கறிக்கடைக்காரர், சமையல்கட்டில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள். பெரும்பாலும் 35க்கும் 55க்கும் இடைப்பட்ட வயது.

வலிப்பது முழங்கையில், வலியைக் கிளப்புவது பிடி. இதை நீங்களே பார்க்கலாம். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு எதையாவது இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், பிடி நிற்காது. நாம் எதைப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்கிவிடாமல் பின்னால் இழுத்து நிறுத்துவது முன்கையின் மேற்புறத் தசைகள். அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேருவது முழங்கையின் வெளிப்புறத்தில் இருக்கிற சின்ன எலும்பு மேட்டில். அங்கே எலும்போடு ஒட்டுகிற தசைநாண்தான் பழுதாகிறது. ஆகவே காப்பி டம்ளரைத் தூக்கினாலும், சாவியைத் திருப்பினாலும், தோசையைப் புரட்டினாலும் அதே இடத்தில் சுரீர் என்கிறது.

பரோட்டா மாஸ்டரின் கை இதற்கென்றே செய்து வைத்த கை. நாளுக்கு 20 கிலோ மைதா. பிசைய வேண்டும், உருண்டை பிடிக்க வேண்டும், தட்டி வீச வேண்டும், சுருட்டிக் கல்லில் போட வேண்டும், வெந்ததை அடுக்கி இரு கையாலும் அடித்து உதிர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முழங்கைக்குப் பொல்லாதது கொத்துப் பரோட்டா. இரண்டு இரும்புத் தகடுகளை இறுகப் பிடித்துக் கல்லில் மோதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மோதலின் அதிர்ச்சியும் பிடித்திருக்கிற தசை வழியாக அந்த மேட்டுக்குத்தான் ஏறும்.

இதை வெகு காலம் வீக்கம், அழற்சி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல், பெட்ரோன் என்ற இன்னொருவருடன் சேர்ந்து 1979இல் எழுதிய கட்டுரையில், வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்ததைச் சொன்னார். அழற்சிக்கு உரிய அணுக்கள் அங்கே இல்லை. ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய நார்கள் குலைந்து, நடுவே தாறுமாறாக ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. செல்லூர் நெசவாளிகளிடம் இதைச் சொல்லும்போது, "பாவு கலைஞ்சு போச்சு" என்பேன். உடனே புரிந்துகொள்வார்கள். கலைந்த பாவை மருந்து தெளித்து நேராக்க முடியாது.

அழற்சியை அடக்கும் ஊசி ஏன் நிலைத்துப் பயன் தருவதில்லை என்பது அதிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பியவர்கள் நூற்றுக்கு 54 பேர். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் திரும்பியது 12 பேருக்கு. மாஸ்டரின் ஃபைலில் இருந்த மூன்று ஊசியும் அந்த 54இன் கதைதான். அவருடைய ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியையும் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவினர் 2021இல் அதனால் பெரிய பயன் இருக்காது என்றே முடிவு கட்டினார்கள். அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நிர்ஷலின் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆறு வருஷத்தில் அவர்கள் பார்த்த டென்னிஸ் எல்போ 1,213. அவற்றில் கத்தி வைத்தது 88 முழங்கைக்கு. இந்த அறுவை சிகிச்சைக்கே பெயர் கொடுத்த மருத்துவர், பார்த்தவற்றில் நூற்றுக்கு ஏழெட்டுக்குத்தான் அதைச் செய்திருக்கிறார். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நன்றாகவும் தேறினார்கள். சரியான ஆளைப் பொறுக்கியதில்தான் அவருடைய வெற்றி பாதி இருந்தது என்பது என் எண்ணம்.

மாஸ்டரைப் பரிசோதித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை, உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். அரை அடி எழும்புமுன் விட்டுவிட்டார். நடுவிரலை நீட்டி வைக்கச் சொல்லி மேலிருந்து அமுக்கினேன். முழங்கையில் சரியாக அந்த மேட்டில் வலித்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், கழுத்திலிருந்து வலி இறங்கவில்லை. பிறகு பிடியை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து, வலி தொடங்கும் கணத்தில் விட்டுவிடச் சொன்னேன். இடக்கை 38 கிலோ. வலக்கை 12.

வலியின் இடத்தை இப்படித் தேடிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் ஓட்டுநர், வேறோர் ஊரில் டென்னிஸ் எல்போ என்று ஆபரேஷன் செய்துகொண்டு எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். தழும்பு நன்றாக ஆறியிருந்தது, வலி அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தால் வலி எலும்பு மேட்டில் இல்லை. அங்கிருந்து மூன்று விரல் கீழே, நரம்பு தசைக்குள் நுழைகிற இடத்தில் இருந்தது. அவருடைய தசைநாண் குற்றமற்றது. எந்தக் கத்தியும் தவறான இடத்தில் நன்மை செய்யாது. அன்றிலிருந்து, வலி எந்த இடத்தில் என்று விரல் நுனியால் தொட்டுக் காட்டச் சொல்லாமல் நான் யாரிடமும் மேற்கொண்டு பேசுவதில்லை.

"டெண்டுல்கரே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரே மேடம்" என்றார் மாஸ்டர்.

உண்மைதான். 2004இல் முழங்கை வலியால் அவர் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்டில் ஆடவில்லை. இரண்டாவது டெஸ்ட் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 அடித்தது அக்டோபர் கடைசியில். "நல்லா ஆகித்தான் வந்தாரு. ஆனா மே முதல் அக்டோபர் வரைக்கும் எத்தனை மாசம்னு எண்ணிப் பாருங்க" என்றேன். விரல் விட்டு எண்ணினார். அதற்குப் பிறகுதான் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷன் சின்னதுதான். முழங்கையில் ஒன்றரை அங்குலம் அறுத்து, பழுதான திசுவை நீக்கித் தைப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் போலக் கையைத் தூளியில் போட வேண்டும், இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். கையை வலுப்படுத்தும் பயிற்சி ஆறு வாரத்துக்குப் பிறகு தொடங்கும். பாரமான வேலைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும். மாஸ்டரைப் போன்ற கைக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். கிருமித் தொற்று, கை முழுதாக நீளாமல் போவது, அதிகமாக வெட்டிவிட்டால் மூட்டு தளர்வது, எல்லாம் சரியாக நடந்தும் வலி போகாமல் இருப்பது என்று சில அபாயங்களும் உண்டு. எந்தப் பயிற்சியைச் செய்யாமலே அவர் கத்திக்குச் சம்மதித்தாரோ, அதே பயிற்சி கத்திக்கு அந்தப் பக்கமும் காத்துக்கொண்டிருந்தது.

2018இல் சிட்னியிலிருந்து வந்த ஓர் ஆய்வும் என் மனதில் இருந்தது. 26 பேர். பாதிப்பேருக்கு நிர்ஷல் முறைப்படி பழுதான திசுவை நீக்கினார்கள். மற்றவர்களுக்குத் தோலை அறுத்துத் தசைநாணைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் நீக்காமல் தைத்துவிட்டார்கள். இரண்டரை வருஷம் கழித்து இரு சாராரும் ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆட்கள் குறைவு, அதனால் இதை வைத்து அறுவை சிகிச்சையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்திக்குப் பின் கட்டாயமாக வரும் ஓய்வுக்கும், அளந்து திரும்பும் வேலைக்கும், காலத்துக்கும் அந்தக் குணத்தில் பெரிய பங்கு இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மாஸ்டர் எதிரிலேயே அறுவை மருத்துவருக்கு போன் செய்தேன். நான் கேட்டது ஒன்றுதான்: 12 வாரம் தவணை கொடுக்க முடியுமா? அவர் தயங்கவே இல்லை. "எமர்ஜென்சி இல்லையே. பயிற்சி செஞ்சாச்சுன்னு அவரே சொன்னதாலதான் தேதி குடுத்தேன்" என்றார். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. பத்து நாள் கரண்ட் வைத்ததைப் பயிற்சி என்று நம்பியிருந்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, இன்றைய பிடி: 12 கிலோ. இரண்டு, 12 வாரம் கழித்து வரும் தேதி. அதற்கு முன் முடிவு கிடையாது, அதற்குப் பின் தள்ளிப்போடுவதும் கிடையாது.

முதல் இரண்டு வாரம் கை அசையாத பயிற்சி. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்க முயல வேண்டும், மறு கை மேலிருந்து அமுக்கி அசையவிடாமல் நிறுத்த வேண்டும். 45 விநாடி, ஐந்து முறை. பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடக்கை உதவியால் மேலே கொண்டுபோய், வலக்கையால் மட்டும் நாலு எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று. அடுத்து ஒரு கிலோ, இரண்டு கிலோ. சுருட்டிய ஈரத் துண்டை முறுக்குவது. தோளுக்கும் பயிற்சி, ஏனென்றால் தோள் சோம்பேறியானால் சுமை முழங்கைக்கு இறங்கும். வலியைப் பத்துக்கு மூன்று வரை பொறுக்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் சரி, இறங்கவில்லை என்றால் எடையைக் குறைக்க வேண்டும்.

சொல்வது சுலபம். கூலிக்காரருக்கு மூன்று மாதம் என்றால் மூன்று மாத வாடகை, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி. கடை முதலாளியை வரச் சொல்லிப் பேசினேன். முதலில் ஆறு வாரம் மாஸ்டரைக் கல்லிலிருந்து எடுத்து சால்னாவுக்கும் கல்லாவுக்கும் மாற்றினார், முக்கால் கூலிக்கு. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்கு அந்த முக்கால் கூலி கிடைப்பதில்லை. அவர்கள் ஊசிக்கும் கத்திக்கும் ஓடுவது அவசரப் புத்தியால் இல்லை, காத்திருக்கக் காசில்லாததால். அதை மறந்துவிட்டு நோயாளியைக் கடிந்துகொள்ளும் உரிமை எங்களுக்குக் கிடையாது.

மூன்றாவது வாரம் கோபமாக வந்தார். "வலி கூடுதே தவிர குறையல. கத்தியே தேவலாம் போல." பாட்டிலில் ஒரே நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குத் தாவியிருந்தார். பின்னுக்கு இறக்கினோம். ஆறாவது வாரம் 19 கிலோ. கல்லுக்குத் திரும்பினார், சின்ன உருண்டை, ஒரு மணி நேரம் வேலை, பத்து நிமிடம் இடைவெளி. மாவு பிசைய முதலாளி இயந்திரம் வாங்கினார். கொத்துத் தகட்டின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினோம். பிறகு கொத்து வேலையையே இளைய பையனிடம் விட்டார். பையனுக்கும் அந்தப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தேன், வலி வருமுன்பே.

12ஆவது வாரம் 31 கிலோ. அறுவை மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். தேதியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு மாஸ்டர் விடியும்வரை பரோட்டா வீசினார். மறுநாள் கொஞ்சம் கடுகடுப்பு இருந்தது, ஐஸ் வைத்ததும் அடங்கியது.

இதே மாதிரி நோட்டை ஒரு தச்சு ஆசாரிக்கும் கொடுத்தேன். வலி வந்து ஒன்றரை வருஷம். இழைப்புளி பிடித்தால் கண்ணில் நீர் வரும். மாஸ்டரைவிட ஒழுங்காகச் செய்தவர் அவர், ஒரு நாள் விடவில்லை. 12 வாரத்தில் பிடி 14 கிலோவிலிருந்து 16 ஆனது. இன்னும் இரண்டு மாதம் பார்த்தோம். 15க்கு இறங்கியது. இரவில் வலி எழுப்பியது. கழுத்து, நரம்பு, மூட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம், வலி அந்த மேட்டிலேயே நின்றது. நானே அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். "ஆபரேஷன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா மேடம்?" என்று கேட்டார். "இல்லண்ணே, இப்பதான் அதுக்கு நேரம் வந்திருக்கு" என்றேன். உள்ளே திசு சாம்பல் நிறத்தில் நைந்து கிடந்ததாக மருத்துவர் பிறகு சொன்னார். ஏற்கெனவே தோளும் கையும் பயிற்சியில் பழகியிருந்ததால், அதன் பிறகான மாதங்கள் அவருக்குப் புதிதாக இல்லை. நாலாவது மாதம் இழைப்புளியைத் தொட்டார். ஆறாவது மாதம் தேக்கு நிலை ஒன்றை முழுதாகச் செய்து முடித்தார்.

இப்போது யார் வந்து "ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாலும் முதல் நாள் நான் பதில் சொல்வதில்லை. பெரும்பாலான முழங்கைகள் ஒரு வருஷத்துக்குள் தேறிவிடும் என்பதைச் சொல்கிறேன். வலி சரியாக அந்த இடத்தில்தானா என்று பார்க்கிறேன். நோட்டைக் கொடுத்து அந்த இரண்டு வரியை எழுதுகிறேன். மாஸ்டருடைய நோட்டிலும் ஆசாரியுடைய நோட்டிலும் முதல் பக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது. கடைசிப் பக்கம்தான் வேறு. ஒருவர் கல்லுக்குப் போனார், மற்றவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். இருவருமே தங்கள் கையைத் தாங்களே அறிந்த பிறகு போனார்கள்.

செல்லூர் அம்மாவுக்கு அப்படியொரு நோட்டை நான் கொடுக்கவில்லை. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.